வாடகைக்கு எதிரே நான் போட்ட பூஜ்ஜியம்

கண்ணு,

எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் வரிசை போட்டுக்கொள்வது என் வழக்கம். இந்தக் கடிதத்தில் வரப்போகிறவை இவை:

1. உன்னைப் போல ஃப்ரீலான்ஸாக வேலை செய்கிறவர்கள் எந்த ஊரில் எவ்வளவு வாங்குகிறார்கள், ஏன் அந்த வித்தியாசம்.
2. நான்கு வருடம் முன்பு உன் மணிக்கூலியை நான் கணக்குப் போட்ட முறை.
3. அந்தக் கணக்கைப் பற்றி உன்னிடம் நான் மறைத்தது.
4. மார்த்தா அம்மாள் அனுப்பியிருக்கும் மூன்று வருட ஒப்பந்தத்தில் நீ ஏன் கையெழுத்துப் போட வேண்டும்.
5. கோயம்புத்தூர் அறை.

இன்று மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போய், நமக்குக் கீழ்த்தளத்தில் இருக்கிற நிட்டிங் மெஷின்கள் நின்றுவிட்டன. நீ லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சிநேகிதி வீட்டில் வேலை பார்ப்பதாகச் சொல்லி கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாய். ஐந்து மணிக்குக் கரண்ட் வரும், நீயும் வந்துவிடுவாய். அதற்குள் எழுதி முடித்து மாடியில் உன் மேஜைமேல் வைத்துவிட வேண்டும். பதினாறு படி மேலே இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, புள்ளைக்கா எழுதறீங்க? சாயந்தரம் வந்துருவாளே, வாயில சொன்னா ஆகாதுங்களா?" என்றாள். வாயில் சொல்ல வரவில்லை என்றேன். "அது முப்பது வருசமாத் தெரிஞ்சதுதானுங்களே. எழுதி முடிச்சுட்டு எங்கிட்டக் குடுங்க, எட்டாங்கிளாஸ் படிச்சவ திருத்தித் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் காட்டப் போவதில்லை. மூன்றாவது குறிப்பு அவளுக்கும் தெரியாது.

முதலில் முதல் குறிப்பு. உன் வேலை என்னவென்று எனக்குப் புரியவே வெகுகாலம் ஆயிற்று. குழந்தைகளின் சட்டையில் வருகிற குட்டி யானை, எலுமிச்சம்பழம், மழைமேகம் இவற்றை வரைந்து, துணியை எங்கே வெட்டினாலும் ஓட்டம் அறுந்துபோகாமல் திரும்பத் திரும்ப வரும்படி அமைத்துக் கொடுக்கிறாய். அப்படிப்பட்ட துணி நம் ஊரில் பிரிண்டாகி, தைக்கப்பட்டு, பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குப் போவதை எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஸ்டிங் மேஜையில் உட்கார்ந்து முப்பது வருடம் பார்த்தேன். ஒரு சட்டைக்கு நூல் எவ்வளவு, நிட்டிங் எவ்வளவு, சாயம் எவ்வளவு, தையல் எவ்வளவு என்று பைசா வரை பிரித்து விலை போடுவதுதான் என் வேலை. என் தாளில் பிரிண்ட் என்றும் ஒரு வரி உண்டு. அதில் மை இருந்தது, கூலி இருந்தது. அந்த யானையை எங்கோ ஒருவர் உட்கார்ந்து வரைகிறார் என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

வெளிநாட்டில் குழந்தைத் துணி விற்கிற மார்த்தா அம்மாளின் கம்பெனிக்கு நான்கு பேர் வரைகிறீர்கள். லிஸ்பனில் ஒரு பெண், மணிலாவில் ஒரு பையன், அர்ஜென்டினாவில் ஒரு அம்மாள், இங்கே நல்லூரில் நீ. போன மாதம் நீங்கள் நால்வரும் தனியாகப் பேசிக்கொண்டபோது அவரவர் கூலி வெளியே வந்துவிட்டது. அன்று நீ படியிறங்கி வந்த முகம் நினைவிருக்கிறது. "லிஸ்பன்காரி ஒரு மணி நேரத்துல வாங்கறதுக்கு நான் காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் வரையோணுமுங்ப்பா" என்றாய். எனக்குப் பதில் தெரியாதபோது நான் செய்வது ஒன்றுதான்: அட்டவணை போடுவது. உன்னிடம் கேட்டுக் கேட்டு நான்கு ஊரையும் எழுதினேன். உனக்குத் தெரிந்த மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டேன்: நைரோபியில் மொழிபெயர்க்கிறவர், வார்சாவில் வெப்சைட் கட்டுகிறவர், டாக்காவில் போட்டோ திருத்துகிறவர். ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் அங்கே ஓர் அறைக்கு வாடகை என்ன என்று போனில் தேடி எழுதினேன். பெரும்பாலும் பொருந்தியது. வாடகை ஏறுகிற ஊரில் கூலி ஏறுகிறது, இறங்குகிற ஊரில் இறங்குகிறது. யானை என்னவோ ஒன்றுதான். லிஸ்பனில் வரைந்த யானை வாடகை கட்டுகிறது, நல்லூரில் வரைந்த யானை அப்பா வீட்டில் இருக்கிறது. உலகம் முழுவதும் வேலைக்கு ஒரு விலை என்று இல்லை, வேலை செய்கிறவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் விலை என்று உனக்கு விளக்கினேன். நியாயமான ஏற்பாடு என்றுகூடச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மணிலாக்காரரும் அவங்க அம்மா ஊட்லதாங்ப்பா இருக்காரு. அவருக்கும் வாடகை கெடையாது. என்னய மாதிரி ரெண்டு மடங்கு வாங்கறாரே?" என்றாய். அந்த வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நோட்டை மூடினேன். பொருந்தாத வரியைத் தனியே ஒதுக்கிவைப்பதும் ஆபீஸ் பழக்கம்தான்.

இனி இரண்டாவது. கல்லூரி முடித்து நீ முதன்முதலாக வெளிநாட்டு வேலை தேடியபோது, என்ன ரேட் கேட்பது என்று என்னிடம் வந்தாய். எனக்கு அன்று இருந்த பெருமையை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் எதற்கும் விலை கேட்டதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். கரண்ட், இன்டர்நெட், லேப்டாப் தேய்மானம், நாற்காலி. சாப்பாடு: பூஜ்ஜியம். வாடகை: பூஜ்ஜியம். கடைசியில் சிறிதாக ஒரு லாபம். மகள் என்பதற்காக லாபத்தைக் கூட்டக் கூடாது, தொழில் தர்மம் என்று நினைத்தேன். உன் அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சோத்துக்குச் சைபரா? அப்ப நான் மூணு வேளையும் அடுப்புல நிக்கறது எந்தக் கணக்குங்க?" என்று கேட்டாள். நாம் மூவரும் சிரித்தோம். நான் அதிகமாகச் சிரித்தேன். அந்தக் கேள்வியில் ஒரு விஷயம் இருந்தது என்று அன்று தெரியவில்லை.

அந்த ரேட்டை மார்த்தா அம்மாளிடம் நீ சொன்னாய். அதற்கு அடுத்து நடந்ததுதான் மூன்றாவது குறிப்பு. உனக்கு டைபாய்டு வந்து பத்து நாள் படுத்திருந்தாயே, அந்த வாரம் அந்த அம்மாளிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இந்த ரேட்டுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டிருந்தார். நீ கண்ணைத் திறக்காமலே, "நீங்களே ஒரு பதில் போட்டுருங்ப்பா. பையருக்கு எழுதிப் பழக்கம் உங்களுக்குத்தானுங்களே" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாய். நான் பதில் போட்டேன். என்ன பதில் என்று நீ பிறகு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கணக்குத் தாளை அப்படியே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து இணைத்து அனுப்பினேன். ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு பூஜ்ஜியமும். எங்கள் ஆபீஸில் அதற்கு ஓப்பன் காஸ்டிங் என்று பெயர். நம் விலையின் வயிற்றை அறுத்து வாங்குகிறவருக்குக் காட்டுவது. நூல் விலைக்கு எதிரே இந்த விலை எத்தனை நாள் நிற்கும் என்று குறிப்பு எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் வாடகைக்கு எதிரேயும் ஒரு குறிப்பு எழுதினேன். அதன் பொருள் தமிழில் இது: 'இல்லை. வரைபவர் பெற்றோருடன் வசிக்கிறார். இந்நிலை தொடரும்.'

போன வாரம் ஒப்பந்தம் வந்தபோது கூடவந்த கடிதத்தை நீ சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினாய். நீ குடும்பத்தோடு இருப்பதால், வாடகைச் செலவு இல்லாததால், இதே ரேட்டை மூன்று வருடத்துக்கு வைத்துக்கொள்வது உனக்கும் வசதியாகவே இருக்கும் என்று எழுதியிருந்தார். நீ நிமிர்ந்து, "நான் ஊட்ல இருக்கறது அவங்களுக்கு எப்படிங்ப்பா தெரியும்? நான் ஒருநாளும் சொன்னதில்லீங்களே" என்றாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். உன் அம்மா, "வீடியோல பேசறப்ப நம்ம காலண்டர் தெரிஞ்சிருக்கும்" என்றாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். அது பொய். அவருக்கு அதைச் சொன்னவன் நான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஓப்பன் காஸ்டிங் கொடுத்தவன் கதி என்ன என்று இந்த ஊரில் என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் குறைவு. சரக்கு வாங்குகிற பையரின் ஆள் அந்தத் தாளைப் பிரித்து, பேனாவை ஒவ்வொரு வரிமேலும் நகர்த்துவார். எங்கே சதை இருக்கிறதோ அங்கே நின்று குறைக்கச் சொல்வார். பூஜ்ஜியம் இருக்கும் இடத்தில் நிற்கமாட்டார். அது அவருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, இனி அதைத் திரும்பக் கேட்க நமக்கு வழி கிடையாது. இத்தனையும் தெரிந்தவன் ஏன் அனுப்பினேன்? எப்படி இந்த விலை வந்தது என்று யாராவது கேட்டால், என்னைத் திருடன் என்று சந்தேகப்படுவதாகவே எனக்குப் படும். உடனே எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டிவிட்டால்தான் மூச்சு வரும். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு வேறொருவர் கம்பெனியில் வேலை பார்க்கலாம். மகளுக்காகப் பதில் எழுதக் கூடாது.

எஸ்தரைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வீரபாண்டியில் எங்கள் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர். ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று கூலி, மாதச் சம்பளம் இல்லை. ஃப்ரீலான்ஸ் என்ற சொல்லை நீ எனக்குச் சொல்லித்தருவதற்கு முன்பே இந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், எனக்குத்தான் அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு புது ஸ்டைலுக்குக் கழுத்துப்பட்டி வைக்கும் கூலியை விநாடி விநாடியாகக் கணக்கிட்டு, தாளோடு தையல் வரிசைக்குப் போய் விளக்கினேன். எஸ்தர் மெஷினை நிறுத்தாமலே கேட்டார். பிறகு நிறுத்தினார். "சார், உங்க பேப்பர்ல எல்லாஞ் சரியாத்தான் இருக்கும். பிடிக்கலைன்னா நாளைக்கு நான் வேற கம்பெனிக்குப் போயிருவேம்லா, அது எந்த வரில இருக்கு?" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. சூப்பர்வைசர் சங்கடப்பட்டு, "ஏனக்கா, சாரு எம்.காம். படிச்சவருங்க" என்றார். "படிச்சவுகட்டதான கேக்க முடியும்? உங்கட்டக் கேட்டு என்ன செய்ய?" என்றார் எஸ்தர். திங்கட்கிழமை அவர் வரவில்லை. அவரோடு ஏழெட்டுப் பேரும் வரவில்லை. பெருமாநல்லூரில் ஒரு யூனிட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். ஷிப்மென்ட் நெருங்கியதும் முதலாளி கூலியை ஏற்றி, வேன் அனுப்பி அவர்களை அழைத்து வந்தார். எஸ்தர் என் மேஜையைக் கடக்கும்போது, "அந்த வரியச் சேத்தாச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சிரித்துவைத்தேன். சேர்க்கவில்லை. அதற்கு எங்கள் தாளில் கட்டம் இல்லை.

என் சம்பளத்துக்கும் அப்படி ஒரு தாள் யார் மனதிலோ இருக்கும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகச் சரக்கு வாங்கித் தருகிற ஒரு பையிங் ஆபீஸ் சென்னைக்கு என்னைக் கூப்பிட்டது. சம்பளம் இங்கே வாங்குவதைப்போல இரண்டரை மடங்கு. உன் பள்ளி, வீட்டுக் கடன், உன் அம்மாவின் உடம்பு என்று இரண்டு பத்தி போட்டு நல்லவை கெட்டவை எழுதினேன். ஒரு மாதம் எழுதினேன். அதற்குள் அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் இன்கிரிமென்ட் பட்டியலில் என் பெயர் மட்டும் இல்லை. விசாரிக்கப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஆடிட்டர் அதையே முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "சார் எங்கீங்க போவாரு? ஊடு நல்லூரு, பொண்டாட்டி ஊரு பெருமாநல்லூரு. நம்மள உட்டா அவருக்கு ஆருங்க இருக்கறா? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. பிரியமாகவே சொன்னார். நான் சத்தமில்லாமல் என் நாற்காலிக்குத் திரும்பி, ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை போட ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அதே நாற்காலியில் இருந்தேன்.

நான்காவது குறிப்புக்கு வருகிறேன். கையெழுத்துப் போட வேண்டியதற்கான காரணங்களை நேற்றே தனியாகக் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்து எழுதுகிறேன். மூன்று வருடம் வேலை நிச்சயம். வேலை கொடுக்கிறவரைத் தேடி அலைய வேண்டாம். வேறு யாருக்கும் வரையக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது, ஆனால் இப்போதும் நீ வேறு யாருக்கும் வரையவில்லை. மாடி அறை இருக்கிறது. நேர நேரத்துக்குச் சாப்பாடு இருக்கிறது. உன் அம்மாவின் முழங்காலுக்கு மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டாக்டர் சொல்வது எனக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை. என் இடது கண்ணில் ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. போனில் வரும் ஓ.டி.பி.யை யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். காரணங்கள் உன்னைப் பற்றியவை போலத் தொடங்கி, போகப் போக என் கண்ணிலும் என் போனிலும் வந்து முடிந்திருக்கின்றன. முப்பது வருடம் மற்றவர்கள் தாளில் ஒளித்துவைத்த லாபத்தைக் கண்டுபிடித்தவன் நான். என் தாளில் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு மின்தடை நாள் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தக் கேள்விக்குறி வரிக்கும் இப்போதுதான் விடை தெரிகிறது. மணிலாப் பையனும் அம்மா வீட்டில்தான் இருக்கிறான். ஆனால் அவன் அதை யாருக்கும் எழுதி அனுப்பவில்லை. 'இந்நிலை தொடரும்' என்று அவனுக்காக உத்தரவாதம் கொடுக்க அங்கே ஓர் அப்பா இல்லை. ஊரை வைத்துத்தான் விலை என்று நான் உனக்கு விளக்கியது பாதிதான் சரி. மீதிப் பாதி, இந்த ஆள் எழுந்து போகக்கூடிய ஆளா என்பது. லிஸ்பன்காரி போய்விடுவாள் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். நீ போகமாட்டாய் என்றும் தெரியும், ஏனென்றால் நான் சொல்லியிருக்கிறேன். வாடகைக்குப் பூஜ்ஜியம் போட்டு நான் உனக்கு ஒரு கூலியைத் தந்தேன். அந்தக் கூலியில் எந்த ஊரிலும் ஓர் அறைக்கு வாடகை கட்ட முடியாது. அறைக்குப் போகாமல் கூலியை ஏற்றிக் கேட்கவும் முடியாது. நான்கு வருடமாக நீ அந்த இரண்டுக்கும் நடுவில், ஜன்னலைத் திறந்தால் பஞ்சும் மெஷின் சத்தமும் வருகிற அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் கீழே உட்கார்ந்துகொண்டு, பிள்ளை நம் கண்முன்னால் இருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது, கோயம்புத்தூரில் குடிபோக நீ பார்த்துவைத்திருக்கும் அறை. போனில் படம் காட்டினாய். சிநேகிதியோடு சேர்ந்து எடுப்பது, பெரிய ஜன்னல், எதிரே ஒரு வேப்பமரம். நான் முதலில் கேட்டது வாடகை எவ்வளவு என்று. உன் அம்மா கேட்டது தண்ணி வருமா என்று. நீ இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, நாங்கள் இன்னும் ஏதாவது கேட்போம் என்று சிறிது நேரம் நின்றாய். பிறகு போனை அணைத்துக்கொண்டு மேலே போய்விட்டாய். ஜன்னலைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். நல்ல ஜன்னல்.

நீ போய்விட்டால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை. ஐம்பது கிலோமீட்டர்தான், ஒன்றரை மணி நேர பஸ் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்துக்கொள்வேன். டாக்டரைச் சத்தமாகப் பேசச் சொல்லிக் கேட்பேன், அதற்கும் எனக்குக் கூச்சம்தான், பழகிக்கொள்ள வேண்டும். உன் அம்மாவிடம் இன்று மாலையே தாள் அனுப்பிய விஷயத்தைச் சொல்லிவிடுவேன். அவள் இரண்டு நாள் பேசமாட்டாள்.

திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். என்ன தொகை கேட்பது என்று இந்த முறை என்னிடம் கேட்காதே, நான் மறுபடியும் குறைத்துத்தான் சொல்வேன். அறை வாடகையைக் கட்டி, வயிறாரச் சாப்பிட்டு, நோய் வந்தால் பத்து நாள் படுத்துக் கிடக்க முடிகிற தொகை எதுவோ அதை நீயே எழுது. தர மறுத்தால் மணிலாப் பையனிடமும் அர்ஜென்டினா அம்மாளிடமும் வேறு யார் வேலை கொடுக்கிறார்கள் என்று கேள். எப்படி இந்த ரேட்டுக்கு வந்தீர்கள் என்று அவர் மறுபடி கேட்பார். என் ரேட் இது என்று மட்டும் எழுது. கீழே எதையும் இணைக்காதே.

கரண்ட் வந்துவிட்டது. கீழே மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன, மேஜை லேசாக அதிர்கிறது. உன் பஸ் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும் நேரம். முதல் பக்கத்தைத் திருத்தி மறுபடி எழுத அவகாசம் இல்லை, அடித்துவிடவும் மனமில்லை, இன்று காலைவரை நான் எப்படி நினைத்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும். வரிசையில் நான்காவது தவறு, கண்ணு. கையெழுத்துப் போடாதே.

அப்பா